கண்ணுக்குத் தெரிகிற மருந்து

அக்டோபர் பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் ஒரே கோரிக்கைதான்: “கொசு தாங்க முடியல, ஃபாகிங் எப்போ?” ரோடு எப்போது போடுவார்கள், பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று கேட்டால் பதில் வர வருஷக்கணக்காகும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டே நாளில் பதில் கிடைத்துவிடுகிறது. சாயங்காலம் ஆறரைக்குத் தோளில் எந்திரத்தை மாட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். தெரு முழுக்க வெள்ளைப் புகை. பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். குழுவில் கட்டைவிரல் படங்கள் குவிகின்றன. எல்லோருக்கும் திருப்தி. கொசுவைக் கேட்டால் தனக்கும் திருப்தி என்றுதான் சொல்லும்.

அந்தத் திருப்தியோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். தெருவில் டீசல் புகை அடிப்பது கொசுவை ஒழிப்பதில்லை. அடிப்பவரின் நுரையீரலையும் காதையும் கெடுக்கிறது. தெருவில் இருப்பவர்களுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம், உண்மையில் கொசுவைக் குறைக்கிற வேலையை அது மறைத்துவிடுகிறது. “அப்ப டெங்கு வந்து சாகச் சொல்றீங்களா?” என்று கேட்கப் போகிறவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

*

முதலில் அந்த எந்திரத்தைப் பார்ப்போம். மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளில் பிழைக்கிற லட்சக்கணக்கான தமிழ்நாட்டுப் பையன்களில் நானும் ஒருவன். படித்தது உபயோகப்படுகிற சந்தர்ப்பம் அபூர்வமாகத்தான் வரும்.

தோளில் மாட்டி அடிக்கிற அந்த நீளக் குழாய்க்குள் இருப்பது பல்ஸ் ஜெட் என்ஜின். பிஸ்டன் கிடையாது, கிராங்க் கிடையாது. சிறிய அறை ஒன்றில் பெட்ரோலும் காற்றும் கலந்து வெடிக்கும், சூடான வாயு நீண்ட குழாய் வழியே வெளியே பாயும், அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து புதுக் காற்று உறிஞ்சப்படும், மறுபடி வெடிக்கும். நொடிக்குப் பல பத்து முறை இப்படி நடப்பதால்தான் அந்தக் காதைப் பிளக்கும் ‘டர்ர்ர்’ சத்தம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனிலிருந்து, ஜெர்மனி லண்டன் மீது ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளைத் தள்ளியதும் இதே தத்துவத்தில் இயங்கிய என்ஜின்தான். சத்தத்தை வைத்தே லண்டன்காரர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அதன் சின்னத் தம்பி இப்போது நம் தெருவில் கொசுவோடு போர் செய்கிறது.

குழாயின் சூடான முனைக்குப் பக்கத்தில் மருந்து கலந்த டீசலைச் செலுத்துகிறார்கள். டீசல் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் நுண்துளிகளாக உறைகிறது. அதுதான் நமக்குத் தெரிகிற வெள்ளைப் புகை. துளிகள் பெரும்பாலும் 15 மைக்ரானுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. சிறிதாக இருப்பதால்தான் காற்றில் மிதக்கின்றன, சிறிதாக இருப்பதால்தான் மூச்சோடு உள்ளே போகின்றன.

இனி விகிதம். மாலத்தியான் புகை அடிப்பதற்கான தேசிய வழிகாட்டுதல், 1 லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் டீசல் என்கிறது. மருந்து மாறலாம். பைரித்ரம், டெல்டாமெத்ரின், சைஃபினோத்ரின் என்று காலத்துக்கு ஒன்று வரும். ஆனால் தெருவில் நாம் பார்க்கும் அந்தப் பிரம்மாண்டமான வெண்மேகத்தில் பெரும்பங்கு டீசல்தான். கொசு மருந்து அடிக்கிறோம் என்கிறோம். நடப்பதைச் சரியாகச் சொன்னால், கொஞ்சம் மருந்து சேர்த்து டீசல் அடிக்கிறோம்.

*

அமெரிக்காவில் ஆன்சைட் போய்வந்த நண்பர்களுக்கு லீஃப் ப்ளோயர் தெரிந்திருக்கும். தோட்டத்து இலைகளைத் துடைப்பத்தால் கூட்டாமல், முதுகில் பெட்ரோல் எந்திரத்தை மாட்டிக்கொண்டு காற்றடித்து ஓரத்தில் தள்ளுவார்கள். பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின். எண்ணெயும் பெட்ரோலும் கலந்து ஊற்றி, அதில் கால்பங்கை எரியாமலே வெளியே துப்பும் வகை. நம் ஊரில் பழைய ஆர்எக்ஸ் 100 பின்னால் போனவர்களுக்கு அந்த வாசனை மறந்திருக்காது. கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் கணக்குப்படி, தொழில்முறை லீஃப் ப்ளோயர் ஒரு மணி நேரம் ஓடினால் வருகிற புகைமூட்ட மாசு, டொயோட்டா கேம்ரி காரை 1,100 மைல் ஓட்டுவதற்குச் சமம். ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கொல்கத்தா போய்விடலாம்.

அங்கே இதை எதிர்த்துப் பல வருஷம் சண்டை நடந்தது. வாஷிங்டன் நகரம் 2018-ல் சட்டம் போட்டு 2022 ஜனவரியிலிருந்து பெட்ரோல் ப்ளோயருக்குத் தடை கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 2021-ல் சட்டம் போட்டு, 2024-லிருந்து இந்த மாதிரிச் சிறு என்ஜின்கள் புதிதாக விற்கப்படுவதற்கே முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கியது. அந்தச் சண்டையில் இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்ப எழுந்தன. ஒன்று, எந்திரத்தைச் சுமக்கும் தொழிலாளி நாள் முழுக்க அதன் புகையையும் சத்தத்தையும் உள்வாங்குகிறார். இரண்டு, செய்கிற வேலைக்கு அந்த எந்திரமே தேவையில்லை, துடைப்பம் போதும்.

இந்த இரண்டு வாதமும் நம் தெருப்புகைக்கு அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம் உண்டு. லீஃப் ப்ளோயர் இலையையாவது தள்ளிவிடும்.

இங்கே நம் முரணையும் பாருங்கள். சாலையில் ஓடும் ஸ்கூட்டருக்கு பாரத் ஸ்டேஜ் 6 விதி இருக்கிறது. புகைச் சான்றிதழ் இல்லையென்றால் அபராதம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. எங்கள் தெருவில் அடித்தபோது போனிலிருந்த ஒரு செயலியில் அளந்து பார்த்தேன். பத்தடி தூரத்தில் 90-ஐத் தாண்டியது. போன் துல்லியமான கருவி இல்லைதான். பத்து டெசிபல் பிசகியிருந்தாலும் என் வாதம் மாறாது. எந்திரம் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. அதைச் சுமந்தவருக்கு அது விலா எலும்பில் உரசிக்கொண்டிருந்தது.

*

அவரிடம் பேசினேன். ஒரு தனியார் ஒப்பந்ததாரரின் ஆள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒரு கைக்குட்டை. காதில் ஒன்றுமில்லை.

“மாஸ்க் குடுக்கலையாண்ணா?”

“குடுத்தாங்க சார், துணி மாஸ்க்கு. எட்டு கிலோ மிஷின தூக்கிக்கினு அத்த மாட்டுனா மூச்சு முட்டுது. அரை மணி நேரத்துல டீசல்ல நனைஞ்சிடும், அப்புறம் அதுவே நாத்தம்.”

“இவ்ளோ புகை வேணுமா? டீசலைக் குறைச்சு அடிக்கக் கூடாதா?”

சிரித்தார். “மெலிசா வந்தா மருந்தே அடிக்கலன்னு போன் போட்ருவாங்க சார். ஜனங்களுக்குப் புகை தெரியணும்.”

பொது சுகாதாரம் பற்றி நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அந்தக் கடைசி வாக்கியம்தான். ஜனங்களுக்குப் புகை தெரியணும். கொசு செத்ததா என்பது அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

அவர் உடலுக்குள் என்ன போகிறது? இதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் மிகைப்படுத்துகிறவர்கள் ஏற்கெனவே நிறைய. டீசல் என்ஜினிலிருந்து வரும் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. நம் எந்திரம் டீசலை எரிப்பதைவிட ஆவியாக்குவதே அதிகம், ஆகவே இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நுண்துளியாக மாறிய டீசல் நுரையீரலுக்கு உகந்ததல்ல என்பதில் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் இருக்காது. ஹைட்ரோகார்பன் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கே ரசாயன அழற்சி வரும். மாலத்தியானை அதே முகமை 2015-ல் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் வைத்தது. பைரித்ராய்டு வகை மருந்துகள் பாலூட்டிகளுக்கு ஒப்பீட்டளவில் சாதுவானவைதான். ஆனாலும் தோலில் குறுகுறுப்பு, கண் எரிச்சல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு எல்லாம் உண்டு. மீனுக்கும் தேனீக்கும் அவை கடும் விஷம். ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு ஏரிப்பக்கம் புகை அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கொசுப்புழுவைத் தின்பது மீன்தானே?

பூச்சிமருந்தைக் கையாள்பவர்களுக்குப் பாதுகாப்பு உடை, தேவையானபோது சுவாசக் கவசம் தர வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நாம் கைக்குட்டைக்கு வந்திருக்கிறோம்.

பின்னால் ஓடும் பிள்ளைகள் விஷயம் தனி. 1950-களின் அமெரிக்கப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். டிடிடி தெளிக்கும் வண்டிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே குழந்தைகள் ஓடும் படங்கள் கிடைக்கும். பெற்றோர் தடுக்கவில்லை, அது பாதுகாப்பானது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ரேச்சல் கார்சனின் புத்தகம் 1962-ல் வந்தது. 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. இன்று அந்தப் படங்களை அவர்கள் வெட்கத்தோடு பார்க்கிறார்கள். நாம் நம் பிள்ளைகள் ஓடுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

*

சரி, இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது என்ன? கொசு சாகிறதா?

‘கொசு’ என்று நாம் ஒருமையில் சொல்வதிலேயே பிரச்சினை தொடங்குகிறது. நம் பகுதியில் முக்கியமாக மூன்று வகை இருக்கின்றன. ராத்திரி காதோரம் ரீங்காரம் செய்து தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ். சாக்கடை, செப்டிக் டேங்க், கழிவுநீர் கலந்த கால்வாய் ஆகியவை அதன் பிறப்பிடம். மலேரியாவைக் கொண்டுவரும் அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி, சென்னையில் ஓவர்ஹெட் டேங்கிலும் கிணற்றிலும் வளர்வது. டெங்கு கொண்டுவரும் ஏடிஸ் எஜிப்தி, வீட்டிலும் வீட்டைச் சுற்றிலும் உள்ள சுத்தமான தண்ணீரில் முட்டையிடுவது. மூடாத டிரம், ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர், உபயோகமில்லாமல் கொல்லையில் போட்ட ஆட்டுக்கல்.

ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும், மாலை இருட்டுவதற்கு முன்னும் அதிகமாகக் கடிக்கும். மற்ற நேரத்தில் வீட்டுக்குள்ளேயே கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணிக்குப் பின்னால், அலமாரி இருட்டில் ஓய்வெடுக்கும். நாம் ஆறரை மணிக்கு, தெருவில், திறந்தவெளியில் புகை அடிக்கிறோம். டெங்குக் கொசு அந்நேரம் உங்கள் பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

புகை வீட்டுக்குள் போய்விடாதா? போகும், கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால். வழிகாட்டுதல்களும் திறந்து வைக்கத்தான் சொல்கின்றன. ஆனால் டர்ர்ர் சத்தம் கேட்டதும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? “ஏய், ஜன்னலை மூடு, ஜன்னலை மூடு.” பாலைக்கூட மூடிவைக்கிறோம். மூடினால் மருந்து கொசுவிடம் போகாது. திறந்தால் டீசலோடு சேர்ந்து நம் குழந்தையிடமும் போகும். இந்த முறையின் அடிப்படைக் கோளாறே இதுதான். அது வேலை செய்ய வேண்டுமென்றால் நாம் செய்ய விரும்பாத ஒன்றை எல்லோரும் செய்தாக வேண்டும். எந்தப் பொறியாளரும் இப்படி ஒரு வடிவமைப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியே பறக்கும் கொசு கொஞ்சம் செத்தாலும், புகைக்கு முட்டையையும் புழுவையும் கூட்டுப்புழுவையும் தொடும் சக்தி கிடையாது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஏடிஸ் முட்டை தண்ணீர் வற்றிய டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். இன்று அடித்த புகை இன்றைய கொசுக்களோடு முடிந்தது. நாளைய கொசுக்கள் நாளை வரும். போதாததற்கு, பைரித்ராய்டு மருந்துகளைத் தாங்கும் திறனை ஏடிஸ் கொசுக்கள் உலகெங்கும் பெற்றுவருகின்றன. அரைகுறை அளவில் அடிக்கடி மருந்து அடிப்பது, ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்துகிற கதைதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. உலக சுகாதார அமைப்பின் 2009-ஆம் ஆண்டு டெங்கு வழிகாட்டுதல், இப்படிப்பட்ட மருந்துத் தெளிப்பை நோய் பரவிக்கொண்டிருக்கும் அவசர நிலைக்கு மட்டுமே பரிந்துரைத்தது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, வீட்டைச் சுற்றி மருந்து தெளிப்பது பற்றிய 15 ஆய்வுகளை எடுத்துப் பரிசீலித்து, இதை மட்டும் தனியாகச் செய்தால் டெங்கு குறையும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றது. நம் சுகாதாரத் துறையினருக்கும் இது தெரியாததல்ல. பூந்தமல்லியிலேயே அரசின் பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது, சுகாதார ஆய்வாளர்கள் பயிற்சி பெறும் இடம். கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை அங்கே பாடமாகப் படித்துவிட்டு வருகிறவர்கள்தான், பொதுமக்கள் போன் தாங்க முடியாமல், தெருவில் வந்து புகைக்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

*

இப்போது எதிர்வாதங்கள்.

“அடிச்ச அன்னிக்கு ராத்திரி கொசு கம்மியாத்தான் சார் இருந்துச்சு.” இருந்திருக்கும். தெருவில் பறந்த க்யூலெக்ஸ் கொஞ்சம் செத்திருக்கும், கொஞ்சம் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும். இரண்டு நாள் நிம்மதிக்கு மாதா மாதம் டீசல் குளியல் தேவையா என்பதுதான் கேள்வி. ஜன்னலுக்கு வலை அடித்தால் அந்த நிம்மதி வருஷக்கணக்கில் கிடைக்கும்.

“எங்க பாட்டி காலத்துல வேப்பிலை புகை போடலையா?” போட்டார்கள். அந்தப் புகை கொசுவைச் சற்று விரட்டும். பாட்டியின் கண்ணையும் கரிக்கச் செய்தது. புகை எதுவானாலும் நுரையீரல் அதற்குப் பேதம் பார்ப்பதில்லை. காய்ந்த இலையைக் குவித்துத் தெருமுனையில் கொளுத்திவிட்டு “கொசுவுக்கு நல்லது” என்பவர்களுக்கும் இதே பதில்தான். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

“அப்ப டெங்கு வந்து சாகச் சொல்றீங்களா?” மூன்றில் கனமான கேள்வி இதுதான். 2012-ல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் மரணம். 2017-ல் 23,294 பேருக்கு, 65 மரணம். இவை அரசுக் கணக்கில் ஏறியவை மட்டும். குழந்தையின் பிளேட்லெட் எண்ணிக்கை ஒவ்வொரு வேளையும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் போய் ‘சான்று இல்லை’ என்று பேச எனக்கும் வாய் வராது. ஒரு தெருவில் நாலு வீட்டில் டெங்கு உறுதியானால், அங்கே வைரஸைச் சுமந்து பறக்கும் கொசுக்களை உடனே கொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில், அந்த வீடுகளைச் சுற்றி, சரியான வேளையில், சரியான அளவில், வீட்டுக்குள்ளும் சேர்த்து, கவசம் போட்ட ஆளைக்கொண்டு அடிப்பதை நான் எதிர்க்கவில்லை. அது தீயணைப்பு வண்டி. நாமோ வீட்டு வாசலில் தினமும் தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்று கேட்கிறோம், உள்ளே கேஸ் ஒழுகுவதைப் பார்க்க மாட்டோம் என்கிறோம்.

டெங்குவுக்கு நான் பயப்படுவதால்தான் புகையை எதிர்க்கிறேன்.

*

கொசுவைக் குறைப்பது யார் தெரியுமா? கையில் ஒரு டார்ச், தோளில் ஒரு பை, பையில் அபேட் மருந்து பாட்டில், ஒரு நோட்டு. இவ்வளவுதான் ஆயுதம். டிபிசி என்று சொல்வார்கள், வீடு வீடாகப் போய் கொசுப்புழு தேடும் பணியாளர்கள். நிறையப் பேர் பெண்கள். தினக்கூலி அல்லது ஒப்பந்தம். ஒரு வீட்டுக்கு வந்தால் டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார், சம்ப் மூடியைத் தூக்குவார், ஃபிரிட்ஜ் தட்டை இழுப்பார், மாடியேறி டேங்கைப் பார்ப்பார். புழு இருந்தால் கொட்டுவார் அல்லது மருந்து விடுவார். வாரம் ஒரு முறை இதைச் செய்தால் முட்டை கொசுவாகும் சுழற்சியே அறுந்துவிடும். பத்து நாள் ஆகிற காரியத்தை ஏழாவது நாளில் தடுப்பது. கணக்கு அவ்வளவு எளிது.

அந்த அக்காவை நாம் எப்படி நடத்துகிறோம்? எங்கள் பக்கம் வருகிற ஒருவர் சொன்னார்: “அபார்ட்மென்ட்ல கேட்லயே நிறுத்திடுவாங்க தம்பி. செகரட்டரிகிட்ட கேக்கணும், அவரு ஆபீஸ் போய்ட்டாரும்பாங்க. தனி வீட்ல, எங்க வீட்ல கொசுவா, நாங்க க்ளீனா இருக்கோம்னு கோவிச்சிக்குவாங்க. புகை மிஷின் வந்தா மட்டும் கேட்டைத் தொறந்து விட்டு, இங்கயும் அடிங்க, அங்கயும் அடிங்கன்றாங்க.”

என் வாதம் முழுவதும் அந்த வாட்ச்மேன் கேட்டில் நிற்கிறது. வேலை செய்கிற முறைக்குக் கேட் மூடியிருக்கிறது, வேலை செய்யாத முறைக்குத் திறந்திருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். டார்ச்சோடு வருபவர், தவறு உங்கள் வீட்டு டிரம்மில் இருக்கிறது என்கிறார். புகையோடு வருபவர், தவறு வெளியே எங்கோ இருக்கிறது, பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார். யாரை நமக்குப் பிடிக்கும்?

சட்டம் இந்த விஷயத்தில் மிகப் பழையது. 1939-ல் மெட்ராஸ் மாகாணம் இயற்றி இன்றும் நடப்பில் உள்ள பொது சுகாதாரச் சட்டத்தில் கொசுக் கட்டுப்பாட்டுக்கென்றே தனிப் பகுதி உண்டு. கொசு வளரும்படி தண்ணீர் தேங்க விடக் கூடாது என்பது வீட்டில் குடியிருப்பவரின் பொறுப்பு என்று அது சொல்கிறது. எந்திரம் வருவதற்கு முன்பே விஷயம் புரிந்திருக்கிறது.

ஆனால் குற்றத்தை முழுக்க வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. மேற்குப் புறநகரில் டிரம் ஏன் இருக்கிறது? குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை என்பதால். லாரி வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் அடுத்த லாரி வரை தாங்கும். டெங்கு ஒரு வகையில் தண்ணீர் விநியோக நோய். க்யூலெக்ஸ் ஏன் இவ்வளவு? பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், மழைநீர் வடிகாலில் கழிவுநீர், வந்து சேருமிடம் ஏரி. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்த ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. அவர்கள் செய்ததுதான் உண்மையான கொசு ஒழிப்பு. ஒரு தெருவுக்குப் புகை அடிப்பது இரண்டு நாள் வேலை, ஒரு ஏரிக்கு வரும் சாக்கடையை நிறுத்துவது பத்து வருஷ வேலை. அந்தப் பத்து வருஷத்தையும் புகையாலேயே ஓட்டிவிடலாம் என்று ஒவ்வொரு தேர்தலும் நமக்குச் சொல்லித்தருகிறது.

*

என் தொழிலில் இதற்கு ஓர் இணை உண்டு. ஒரு குழு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, எத்தனை வரி நிரல் எழுதினார்கள் என்று எண்ணுகிற மேலாளர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். வரிகள் பெருகும், பிழைகள் அப்படியே இருக்கும். எண்ண எளிதானதை எண்ணினால், எண்ண எளிதானதுதான் பெருகும். எத்தனை தெருவில் அடித்தோம், எத்தனை லிட்டர் அடித்தோம் என்பது அந்த மாதிரிக் கணக்கு.

சரியான கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. பூச்சியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அதைப் பயன்படுத்துகிறார்கள். நூறு வீடுகளைப் பார்த்தால் எத்தனை வீட்டில் கொசுப்புழு இருந்தது என்பது ஹவுஸ் இன்டெக்ஸ். நூறு வீட்டுக்குப் புழுவுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரீட்டோ இன்டெக்ஸ். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு. இந்த எண்ணை ஒவ்வொரு வார்டிலும் ரேஷன் கடை வாசலில் வாரா வாரம் எழுதிப் போடட்டும். எந்தத் தெருவில் எத்தனை என்று தெரியட்டும். அப்போது போன் போடுகிறவர்கள் புகை கேட்டுப் போட மாட்டார்கள்.

புதிய வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை வெளியே விட்டால், அவற்றின் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவுகள் வெளியாயின. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியிலுள்ள ஐசிஎம்ஆரின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்த வகைக் கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறது. இதில் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் யாரும் கேட்கவும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். டெங்கு உறுதியாகாத தெருவில் வழக்கமாகப் புகை அடிப்பதை நிறுத்த வேண்டும். அவசரத்துக்கு அடிக்கும்போது, அடிப்பவருக்கு முறையான சுவாசக் கவசமும் காதுக்கவசமும் இல்லாமல் எந்திரத்தை இயக்க விடக் கூடாது. தனியார் ஒப்பந்தமானாலும் சரி, ஊராட்சியானாலும் சரி. பள்ளி விடும் நேரத்தில், பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் அடிக்கக் கூடாது. குடியிருப்போர் சங்கங்கள் புகைக்கு வசூலிக்கும் பணத்தில் ஒவ்வொரு செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கும் வலை கட்டட்டும், ஒவ்வொரு சம்புக்கும் சரியான மூடி போடட்டும். உள்ளாட்சிகள் டீசலில் மிச்சமாவதைப் புழு தேடும் பெண்களுக்கு மாதச் சம்பளமாகவும் நிரந்தரப் பணியாகவும் மாற்றட்டும். அவரை உள்ளே விடாத குடியிருப்புக்கு அபராதம் போடட்டும்.

இதில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ராக்கெட் மாதிரிச் சத்தம் போடுகிற எந்திரத்தை ஓரமாக வைத்தால் போதும். புதன்கிழமையோ சனிக்கிழமையோ உங்கள் வாசலில் டார்ச்சோடு ஒருவர் வந்து நிற்பார். கேட்டைத் திறந்து, மாடிச் சாவியைக் கையில் கொடுங்கள். மாடியேறி இறங்கி வந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.